எனக்கு முந்தின புயல்

அந்தப் படத்தை மூடி வைங்க தம்பி. ஆமா, உங்களத்தான். போன்ல வச்சு உருட்டி உருட்டிப் பாக்குறீங்களே, கடல் நடுவுல செவப்பா ஒண்ணு சுத்துதே, அதத்தான் சொல்றேன். நாகப்பட்டினத்துல ஏறினதுலேருந்து அதையே பாத்துக்கிட்டு வர்றீங்க. பக்கத்துல ஒரு மனுசன் உக்காந்திருக்கான், அவனுக்கு என்ன வயித்தெரிச்சலோன்னு ஒரு தடவையாவது நெனச்சீங்களா. நெனைக்க மாட்டீங்க. இந்தக் காலத்துப் புள்ளைங்க அப்படித்தான்.

நான் ஒண்ணும் புயலுக்குப் பயந்து ஊரை விட்டுப் போறவன் இல்ல. அதை மொதல்லயே சொல்லிடறேன். மன்னார்குடியில மகளைக் கட்டிக் கொடுத்திருக்கு. பேரப்புள்ளையைப் பாத்து ரொம்ப நாளாச்சு, போறேன். அவ்வளவுதான். என்ன, பையைப் பாக்குறீங்க? ரெண்டு வேட்டி, சுகர் மாத்திரை, வீட்டுப் பத்திரம். பேரப்புள்ளையைப் பாக்கப் போறவனுக்குப் பத்திரம் எதுக்குன்னு கேப்பீங்க. கேக்காதீங்க.

ஜன்னலை நல்லா இறக்கி விடுங்க, சாரல் அடிக்குது.

இந்தா, என் போன் அடிக்குது பாருங்க. அவதான். காலையிலேருந்து அடிக்கிறா. எடுக்க மாட்டேன். அடிச்சு அடிச்சு அவளே ஓயட்டும். சுபாஷினின்னு பேரு. மெட்ராஸ்ல புயலைப் பத்திப் படிக்கிறா. அதுக்கெல்லாம் ஒரு படிப்பு, அதுக்கு ஒரு காலேஜு. இப்ப புயல்னு ஊருக்கு வந்திருக்கா. என் தம்பி மாசிலாமணியோட பொண்ணு. கூடப்பொறந்த தம்பி இல்ல, எங்க சித்தப்பா மகன். ஆனா தம்பிதான். நல்லா கேட்டுக்குங்க, நான் அண்ணன், அவன் தம்பி. இதுல ஒரு சந்தேகமும் அறுபது வருசமா யாருக்கும் இல்ல. போன வைகாசி வரைக்கும் இல்ல.

எங்க ஊரு செம்பியன்கரை. வேளாங்கண்ணிக்குத் தெக்க. எங்கப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டுல கூட்டா இருந்தவங்க. ரெண்டு பேரு பொண்டாட்டியும் ஒண்ணா முழுகாம இருந்தாங்க. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே, எங்கம்மா வேதாரண்யத்துக்குத் தெக்க அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. சித்தி கடலூர் பக்கம் அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. அந்த வருசம் புயல். சாதாரணப் புயல் இல்ல. நான் பொறந்தப்ப கடல் தண்ணி வீட்டுக்குள்ள வந்து கட்டில் கால் நனைஞ்சுச்சாம். எங்கம்மா சொல்லிச் சொல்லி நானும் ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். கடலே வாசப்படி ஏறி வந்து என்னைப் பாத்துட்டுத்தான் போச்சுன்னு சொல்லுவேன். எத்தனை பேரு தம்பி அப்படிச் சொல்லிக்க முடியும்?

அவனும் புயல்லதான் பொறந்தான், கடலூர் பக்கம். பாதை அடைபட்டுப் போச்சு, தந்திக் கம்பமெல்லாம் சாஞ்சு போச்சு, ஊருக்கு ஒரு சேதியும் வரல. அப்புறம் தண்ணி வடிஞ்சு ஆளு நடமாட்டம் வந்தப்ப, ரெண்டு பக்கத்துலேருந்தும் சேதி ஒரே நாள்ல வந்துச்சு. என் சேதி காலையில வந்துச்சு. அவன் சேதி மத்தியானம். எங்க தாத்தா என் பேரச் சொல்லித்தான் மொதல்ல ஊருக்குச் சர்க்கரை கொடுத்தாரு. யாருக்கு மொதல்ல சர்க்கரையோ அவன்தானே மூத்தவன்? ஜாதகம் இல்லையான்னு கேக்காதீங்க. கூரையே பறந்து கெடக்குது, அதுல எவன் ஓலை எழுதுவான். பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டரு எங்க ரெண்டு பேருக்கும் ஜூன் மாசம் ஒரே தேதியைப் போட்டு விட்டாரு. அவரு எல்லாப் புள்ளைக்கும் அதேதான் போடுவாரு.

மூத்தவனா இருந்தா என்ன, எளையவனா இருந்தா என்னன்னு நெனைக்கிறீங்க. உங்க மூஞ்சிலேயே தெரியுது. எங்க அய்யனார் கோயில்ல வைகாசியில படையல். எங்க வகையறாவுல உசுரோட இருக்கிறவங்கள்ல வயசுல மூத்தவனுக்குத்தான் பரிவட்டம். பூசாரி தலையில கட்டி, மாலை போட்டு, மொத விபூதி அவனுக்குக் கொடுத்துட்டுத்தான் மத்தவங்களுக்கு. எங்க பெரியவங்க எல்லாம் ஒவ்வொருத்தராப் போய்ச் சேந்து, அது எனக்கு வந்து பல வருசமாச்சு. கட்டிக்கிட்டு நிக்கிறப்ப எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொன்னாப் புரியாது. நான் ஒண்ணும் பெரிய ஆளு இல்ல தம்பி. உரக்கடையில மூட்டை எடை போட்டே காலம் போச்சு. வருசம் பூரா யாரும் என்னை நிமிந்து பாக்க மாட்டான். அந்த ஒரு நாளு எல்லாரும் பாப்பான். எனக்கு அது போதும். அது ஒண்ணுதான் வேணும்.

அதுல மண்ணைப் போட்டான் மாசிலாமணி. இல்ல, அவன் பொண்ணு போட்டா. அவ இல்ல, உங்க கையில இருக்கே அந்தப் பொட்டி, அதுதான் போட்டுச்சு.

ஒரு காதுகுத்துல ஆரம்பிச்சுது. பந்தியில எதுத்தாப்புல உக்காந்திருந்தான். எவனோ கேட்டான், உங்க ரெண்டு பேருல யாரு மூத்தவருன்னு. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அவன் சொல்றான்: "நாங்க ஒரே புயல்ல விழுந்த ரெண்டு தேங்கா. எது முன்னால விழுந்துச்சுன்னு தேங்காய்க்கே தெரியாது." பந்தியே சிரிச்சுது. எனக்குப் பாயசம் எறங்கல. வெளையாட்டாச் சொன்னானாம். எம் பொண்டாட்டி செண்பகமும் அதையேதான் சொல்றா. வெளையாட்டா இருந்தா பரிவட்டத்தை வச்சா வெளையாடுறது? அவன் மனசுல ஆசை இருக்கு. இல்லாமலா அது வாயில வரும்?

சரி, இதுக்கு ஒரு முடிவு கட்டிடணும்னு பாத்தேன். அப்பத்தான் சுபா லீவுக்கு வந்திருந்தா. அவ கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் காட்டினா. இப்ப உலகத்துல எங்கெங்க புயல் ஓடிக்கிட்டிருக்கோ அதெல்லாம் மேல இருக்கு. செத்துப்போன புயலெல்லாம் கீழ இருக்கு. வருசம் வாரியா, மாசம் வாரியா. எந்தப் புயல் எந்த நாளு எந்த எடத்துல நின்னுச்சு, அடுத்து எங்க நகந்துச்சுன்னு புள்ளி புள்ளியா வச்சிருக்கானுங்க. செத்த மனுசனுக்கே திதி மறந்து போற காலத்துல, செத்த புயலுக்குத் திதி பாத்து வச்சிருக்கானுங்க தம்பி.

எனக்கு ஒரே சந்தோசம். ஏன்னா என் கணக்கு இதுதான். புயல் தெக்கேருந்து வடக்க ஏறும். வேதாரண்யம் தெக்க, கடலூர் வடக்க. ஒரே புயல்னா எங்கம்மா ஊரத் தாண்டித்தானே சித்தி ஊருக்குப் போகணும்? அப்ப நான் முன்னால, அவன் பின்னால. அந்தப் புள்ளியை எல்லாம் எடுத்து ஊரு முன்னால வாசிச்சா அவன் வாயடைஞ்சு போயிடும். எடுத்துக் கொடுடின்னேன். எடுத்தா. ரெண்டு நாளு கழிச்சு வந்து, "பெரியப்பா, இது வேண்டாம். பழைய கணக்கு, சரியாத் தெரியலன்னு சொல்லிடலாம்"னு கெஞ்சுறா. கையைப் புடிச்சுக்கிட்டு கெஞ்சுறா.

நீங்களே சொல்லுங்க, இதுக்கு என்ன அர்த்தம்? அப்பன் தோத்துப் போறான், அதை இவ மறைக்கப் பாக்குறான்னுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்குவான். முடியாது, படையலுக்கு முன்னால பங்காளிங்க எல்லாம் கூடுறப்ப நீயே வாசிக்கணும்னு சொன்னேன். மாட்டேன்னா. பெரியப்பான்னு இனிமே கூப்புடாதேன்னேன். அழுதுக்கிட்டு, சரி வாசிக்கிறேன்னா. அவ அப்பவே வாயைத் தொறந்து வெவரமாச் சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. அதுதான் அவ பண்ணின துரோகம்.

கோயில்ல பங்காளிங்க அத்தனை பேரும் கூடிட்டாங்க. நான் புது வேட்டி கட்டிக்கிட்டு முன்னால உக்காந்திருக்கேன். சுபா அந்தப் பொட்டியத் தொறந்து வச்சு, தலையத் தூக்காம வாசிக்கிறா. அந்த வருசம் நம்ம கரைக்கு வந்தது ஒரு புயல் இல்லையாம், ரெண்டாம். மொதப் புயல் ஐப்பசி கடைசியில. கடலூர் பக்கம் கரையேறி, அப்படியே மேக்க போயி செத்துப் போச்சாம். வேதாரண்யத்துப் பக்கம் அது எட்டிக்கூடப் பாக்கலையாம். ரெண்டாவது புயல் பத்து நாள் கழிச்சு, கார்த்திகை பொறந்ததும். அது நேரா வேதாரண்யத்துக்கு வந்துச்சாம். கடலூருக்குப் போகவே இல்லையாம்.

எனக்கு ஒடனே ஒண்ணும் வெளங்கல. எங்க பங்காளி ரத்தினசபாபதின்னு ஒருத்தன், ஈரத்துணியில கழுத்தறுக்கிறவன், மெல்லமாக் கேக்குறான். ஏன் பக்கிரிசாமி, நீ பொறந்தப்ப கடல் தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு சொல்லுவியேன்னான். ஆமாடா, கட்டில் கால் நனைஞ்சுச்சுன்னு நான் சத்தமாச் சொன்னேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கே புரிஞ்சு போச்சு. ஐப்பசியில பொறந்தவன் அவன். கார்த்திகையில பொறந்தவன் நான்.

யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாத் தேவலாம். பூசாரி பரிவட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு மாசிலாமணியைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு. மாசிலாமணி எந்திரிச்சான். கட்டிக்கத்தான் வர்றான்னு நெனச்சேன். "அண்ணனுக்கே கட்டுங்க"ன்னான். அங்கதான் தம்பி எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சு போச்சு. எனக்கு உண்டானதை எனக்கே பிச்சை போடுறான் பாருங்க. உன் பிச்சை எனக்கு வேண்டாம்டா, நீயே கட்டிக்கன்னேன். அண்ணன் இருக்கறப்ப நான் கட்டிக்க மாட்டேன்னுட்டான். கடைசியில அதைக் கொண்டுபோயி அய்யனார் குதிரையோட காலுல கட்டினாங்க. இந்த வருசம் மண்குதிரைக்குத்தான் மொத மரியாதை. சோறு திங்காம வீட்டுக்கு வந்துட்டேன். அன்னியிலேருந்து அவன்கூட நான் பேசுறதில்ல.

யாரு உங்களைக் கேட்டா, நீங்களா போயி நோண்டினீங்கன்னு செண்பகம் சொல்றா. அவளுக்கு என்ன தெரியும்? அந்தப் பொட்டி சொல்றது அத்தனையும் பொய். அறுபது வருசத்துக்கு முன்னால கடல்ல எவன் போயி நின்னு புள்ளி வச்சான்? டீக்கடையில, பஸ் ஸ்டாண்டுல, எல்லா எடத்துலயும் சொன்னேன். அது பொய், அதை நம்புறவன் முட்டாள்னு சொன்னேன்.

அங்கதான் வந்து மாட்டிக்கிட்டேன்.

இப்ப இந்தப் புயல் வருது. துறைமுகத்துல கூண்டு ஏத்தியாச்சு. கடலுக்குப் போன போட்டெல்லாம் திரும்பியாச்சு. அதே பொட்டி சொல்லுது, செம்பியன்கரைக்குப் பக்கத்துல கரையேறும்னு. எங்க வீடு ஓட்டு வீடு, பழசு. மாசிலாமணி வீடு மாடி வீடு. ரத்தினசபாபதி டீக்கடையில கேக்குறான், என்ன பக்கிரிசாமி, பொட்டி சொல்லுதே, கெளம்பலையான்னு. அத்தனை பேரும் என் வாயைப் பாக்குறான். கெளம்புறேன்னு சொன்னா என்ன ஆகும்? வரப்போற புயலுக்கு அந்தப் பொட்டியை நம்புறவன் வந்துபோன புயலுக்கும் நம்பித்தானே ஆகணும். வராதுன்னுட்டேன். வந்தாலும் என் வீட்டுலதான் இருப்பேன், ஓட்டுக்குக் கீழதான் படுப்பேன்னுட்டேன்.

செண்பகம் காலையில துணிமூட்டையைத் தூக்கிக்கிட்டு மாசிலாமணி வீட்டுக்குப் போயிட்டா. வெக்கங்கெட்டவ. போறப்ப, நீங்க கௌரவத்தைக் கட்டிக்கிட்டு சாவுங்கன்னு சொல்லிட்டுப் போனா. நான் முன்கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கிட்டேன். கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். மேல ஓடு படபடன்னு அடிக்குது. அப்புறம்தான் பேரப்புள்ளை ஞாபகம் வந்துச்சு. கொல்லைப்பக்கமா வந்து, பூட்டிட்டு, வேலி ஓரமாவே நடந்து பஸ்ஸைப் புடிச்சேன். யாரும் பாக்கல.

சிரிக்கிறீங்களா? இல்லையா? சரி.

மறுபடியும் அடிக்குது பாருங்க. எடுத்துத் தொலைங்க தம்பி, நீங்களே பேசுங்க. ராங் நம்பர்னு சொல்லுங்க. நான் இங்க இல்ல.

என்ன சொல்றா? பெரியப்பாகிட்ட கொடுங்கன்னா சொல்றா? இல்லன்னு சொல்லுங்க. என்னது? யாரு எங்க உக்காந்திருக்கான்? கொடுங்க இங்க.

என்னடி. சத்தமாப் பேசு. எப்பலேருந்து? மழையில ஏன்டி அந்த ஆளை அங்க விட்டே? கொல்லைப்பக்கம் போயிப் பாத்தியா நீ? பூட்டைப் பாத்தேன்னா உங்கப்பன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே. சொன்னியா? என்ன சொல்றான்?

கேட்டீங்களா தம்பி. என் வீட்டு வாசப்படியில உக்காந்திருக்கானாம். நான் உள்ள படுத்துக்கிட்டு கதவைத் தொறக்க மாட்டேங்கிறேன்னு நெனச்சுக்கிட்டு, காலையிலேருந்து தட்டிக்கிட்டே இருக்கானாம். கொல்லைப் பூட்டைக் காட்டினாளாம் இவ. அது அண்ணி போட்டுட்டு வந்த பூட்டு, அண்ணன் உள்ளதான் இருக்காருங்கிறானாம். அண்ணன் வராம நான் நகர மாட்டேன், ஓடு விழுந்தா ரெண்டு பேரு மேலயும் விழட்டும்னு சொல்றானாம்.

போனை அவன்கிட்ட கொடுடி.

மாசிலாமணி. நான்தான். டேய், நான் வீட்டுல இல்ல. பஸ்ல போயிக்கிட்டிருக்கேன். பஸ்ஸுதான்டா. அது காத்து சத்தம் இல்லடா, வண்டி சத்தம். சத்தியமாடா. எழுந்து வீட்டுக்குப் போ. போன்னா போயேன்டா.

வச்சுட்டான்.

என்ன சொன்னான் தெரியுமா? "நீயாவது, ஊரை விட்டு ஓடுறதாவது. எனக்குத் தெரியாதா அண்ணே உன்னை. வீம்பு போதும், கதவைத் தொற." நம்ப மாட்டேங்கிறான். ஊரே நம்பும், இவன் நம்ப மாட்டான். வைகாசிக்கு அப்புறம் இன்னிக்குத்தான் அவன் கொரலைக் கேக்குறேன். சளி கட்டியிருக்கு. மழையில உக்காந்தா கட்டாம என்ன பண்ணும். மடப்பய.

அந்தப் படத்தைத் தொறங்க. மூடச் சொன்னேன்தான், இப்ப தொறக்கச் சொல்றேன். எங்க வந்திருக்கு? வேளாங்கண்ணிக்குத் தெக்கதான் ஏறுதா? எப்ப? வெளக்கு வைக்கிற நேரத்துக்கா. நல்லாப் பாத்துச் சொல்லுங்க, தப்பா இருக்கப் போவுது. தப்பா இருக்காதா. உங்களுக்கு அவ்வளவு நிச்சயமாத் தெரியுமா.

கண்டக்டர், கீவளூர்ல எறக்கி விடுங்க. மன்னார்குடிக்கு எடுத்த டிக்கெட்டுதான், அதுக்கென்ன, கீவளூர்ல எறங்கக் கூடாதா? நாகப்பட்டினம் போற வண்டி இன்னும் ஓடுதா? ஓடுதுல்ல, அது போதும்.

அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க தம்பி. பொட்டியை நம்பி நான் எறங்கறேன்னு நெனைக்காதீங்க. அது இன்னும் பொய்தான். சுபா சொல்லிப் பாத்துட்டா, செண்பகமும் சொல்லிப் பாத்திருப்பா, அவன் எழுந்திரிக்க மாட்டேங்கிறான். நான் போயி எதுத்தாப்புல நின்னு எந்திரிடான்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும், எந்திரிச்சிடுவான். அறுபது வருசமா எந்திரிச்சிருக்கான். எளையவன்தானே.

ஆனா முன்பக்கமாப் போகக் கூடாது. கொல்லைப்பக்கமாப் போயி, சத்தமில்லாம பூட்டைத் தொறந்து உள்ள நுழைஞ்சு, ஈரச் சட்டையை மாத்திக்கிட்டு, உள்ளேருந்து தாழை எடுக்கணும். சுபா சொல்ல மாட்டா. சொல்லாம இருக்கத்தானே அன்னிக்கே அந்தக் கெஞ்சு கெஞ்சினா. நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க தம்பி, என்னைப் பஸ்ல பாத்தேன்னு. நான் உள்ளதான் இருக்கேன்னு ஒருத்தன் நம்பிக்கிட்டு உக்காந்திருக்கான்.